இடப்பக்கம் அரை இஞ்சு

பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. கடையில் கால் வைக்க இடமில்லை. நீலக் கால்சட்டை ஒரு பக்கம் மலையாகவும் வெள்ளைச் சட்டை இன்னொரு பக்கம் மலையாகவும் குவிந்திருக்க, நடுவில் இருந்த வெட்டு மேசைக்குப் பின்னால் கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலுமாக மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பெற்றவளுக்கு அவர் பெரியவன். தம்பிக்கு அண்ணன். மற்ற உலகம் முழுவதற்கும் மாஸ்டர்தான்.

மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. பெய்து தொலைக்கவும் மாட்டேன் என்றது, விலகி வெயிலை விடவும் மாட்டேன் என்றது. ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. ஜன்னலோர மிஷினில் இருந்த ரேடியோ, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு தைத்துக்கொண்டிருந்தார். ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பேர். ஊசி நின்றாலும் நிற்கும், ரேடியோ நிற்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாஸ்டரின் தம்பி உள்ளே நுழைந்து ஒரு காக்கி பேண்ட்டை மேசைமேல் எறிந்தான். அவன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனை 'ஹாரன்' என்பார்கள். வண்டியில் ஹாரன் கெட்டுப்போனால் கவலையில்லை, இவன் ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்தால் மாடு மனிதன் எல்லாம் ஒதுங்கிவிடும் என்று சொல்வார்கள்.

"அண்ணே, இது என்ன தையல்? மறுபடியும் பிடிக்குது."

"எங்கடா பிடிக்குது?"

"கவட்டுல. இடப்பக்கம். அன்னைக்கே ஒரு தடவை பிரிச்சு விட்டே, பத்தல. இன்னொரு அரை இஞ்சு விடு. எட்டு மணி நேரம் உக்காந்து ஓட்டறவன் நான். ஸ்டியரிங்கைப் பிடிக்கறதா, பேண்ட்டைப் பிடிக்கறதா?"

"என் தையல் பிடிக்காதுடா. நீ தின்னு கொழுத்திருப்பே."

"கொழுப்பு ஒரு பக்கம் மட்டுமா ஏறும்?" என்று அவன் சிரித்தான். ரேடியோவும் சேர்ந்து சிரித்தார்.

"மாஸ்டர், சொந்தத் தம்பிக்கே ஒரு பக்கம் கோணலாத் தைச்சுட்டு ஊருக்கெல்லாம் யூனிஃபாரம் தைக்கறீங்களே! பாவம், பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கிட்டே போகப் போவுதுங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. யாரும் அவரைக் குடிகாரன் என்று சொல்லலாம், கஞ்சன் என்று சொல்லலாம், அளவு தப்பிவிட்டது என்று மட்டும் சொல்லக்கூடாது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்று தம்பியை விரட்டினார். அவன் இடக்காலை லேசாக அகட்டி வைத்துப் படியிறங்கிப் போனான். பொட்டலம் எதையோ தொடை இடுக்கில் வைத்துக்கொண்டு நடப்பவன் நடை அது. மாஸ்டர் பார்த்தார், பார்த்தும் அப்போது மனதில் வாங்கவில்லை.

பேண்ட் தைக்கிறவனுக்குக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஆம்பிளை தன் உடைமையை எந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்கிறான் என்பது. அந்தப் பக்கம் துணியைக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். மற்ற கடைகளில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே வெட்டுதான். மாஸ்டர் பார்ப்பார். வாயால் கேட்க மாட்டார், அளவெடுக்கும்போதே கண்டுகொண்டு நோட்டில் இடுப்பளவுக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார். இடம் என்றால் ஒரு புள்ளி, வலம் என்றால் இரண்டு. அந்த நோட்டைப் புரட்டினால் பாதி ஊரின் அந்தரங்கம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

தம்பியின் பக்கத்தைத் தேடி எடுத்தார். இரண்டு புள்ளி. பதினேழு வயதில் முதல் பேண்ட் தைத்துக் கொடுத்ததிலிருந்து இரண்டு புள்ளிதான். வலப்பக்கக்காரனுக்கு இடப்பக்கம் ஏன் பிடிக்க வேண்டும்?

பேண்ட்டைத் திருப்பிப் போட்டு டேப்பை வைத்து அளந்தார். இடுப்பு சரி, சீட் சரி, தொடை சரி. நூல் பிசகவில்லை. வெற்றிச் சிரிப்போடு ரேடியோவிடம் அதைச் சொல்லப் போனவர் சொல்லவில்லை. பேண்ட் மாறவில்லையென்றால் வேறு என்னவோ மாறியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் பிளேடோடு கவட்டுத் தையலைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரே பிரித்துவிட்டுப் போட்ட புதுத் தையல் பளிச்சென்று தெரிந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன.

பிளேடைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், மயக்கமா?"

"இல்ல. நீங்க தைங்க."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு லேடி டாக்டர் அவரையும் மனைவியையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினாள். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லை என்று போயிருந்தார்கள். மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் செய்து எல்லாம் நல்லபடியாக இருந்தது. இவருக்கு விந்தில் எண்ணிக்கை தரைமட்டம். ஏன் என்று தெரிந்துகொள்ள ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பியிருந்தார்கள்.

"இது ஒய் குரோமோசோம். ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கிற இழைன்னு வெச்சுக்கங்க. அப்பாகிட்டேருந்து மகனுக்கு அப்படியே வரும். உங்களுக்கு இதுல ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கு. இதே துண்டு இல்லாத சிலருக்குக் குழந்தை பிறந்துடும், சிலருக்குப் பிறக்காது. யாரோட தப்பும் இல்ல."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னாள்.

"இந்தத் துண்டு இல்லாதவங்களுக்கு விதையில கட்டி வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூட. அநேகம் பேருக்கு வரவே வராது, பயப்படாதீங்க. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை குளிக்கறப்போ தொட்டுப் பாருங்க. வலிக்காத கட்டியாத்தான் இருக்கும். கூடப்பிறந்த ஆம்பளைங்க இருந்தா அவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் அவர் பேசியது ஒரே வாக்கியம். "அம்மாகிட்ட இப்போ சொல்ல வேணாம்." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சரி என்றாள். அந்த 'இப்போ' மூன்று வருடம் நீண்டது. ரிப்போர்ட் கடையில் வெட்டுக் காகிதங்களுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா மருமகளைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் மாஸ்டர், அதைத் தினம் அள்ளிச் சாப்பிட்டவள் அவர் மனைவி.

தன்னுடையதை மட்டும் மாதம் தவறாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே!

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் துவைக்கிற கல். முன்னறையில் மனைவி சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. ஒரு நாளைக்கு எழுபது சட்டை முடிப்பாள். பல்லால் நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"சின்னவன் பொண்ணுக்கு யூனிஃபாரம் வெட்டியாச்சா பெரியவனே? அதுக்காவது ஒண்ணு தைச்சுக் கொடு. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தைக்கறே. ம்... நம்ம வீட்டுல போட ஒரு உடம்பு இல்ல. ஒரே வயித்துல பொறந்த ரெண்டு பேரு, ஒருத்தனுக்குப் பிள்ளை இருக்கு. விதை நல்ல விதைதான். மண்ணைத்தான் சொல்லணும்."

மனைவி நூலைக் கடித்தாள். அடுத்த பட்டனை எடுத்தாள்.

விதை என்ற சொல்லுக்குப் பிறகு மாஸ்டருக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தார். கை கழுவுவதுபோலப் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றார். மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சின்னவன் பேண்ட்டு மறுபடி வந்திருக்கு. இடப்பக்கம் பிடிக்குதாம். ரெண்டாவது தடவை."

அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டன் வைக்கிறவளானாலும் தையல்காரன் வீட்டுக்காரி. செம்பைக் கல்லின்மேல் வைத்தாள்.

"முதல் தடவை எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும். நான் பிரிச்சு விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துல வரலையா?"

"வரல. பேண்ட்டுலதான் தப்புன்னு நினைச்சேன்."

"இன்னைக்கே சொல்லுங்க தம்பிகிட்ட. நேரா டிப்போவுக்குப் போங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்," என்றாள் அவள்.

போனார். டிப்போவில் டீசல் வாடையும் புகையும். தம்பி வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் அவனுக்கு ஆச்சரியம்.

"என்னண்ணே, கடையை விட்டுட்டு? அம்மாவுக்கு ஏதாவதா?"

"இல்லடா. சும்மாதான். டீ சாப்பிடலாமான்னு."

"யூனிஃபாரம் சீசன்ல நீ டீ சாப்பிட இவ்வளவு தூரமா?"

டீ வந்தது. மாஸ்டர் வெயிலைப் பற்றிப் பேசினார். வெயிலே இல்லையே என்றான் தம்பி. இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுவது உடம்புக்கு ஆகுமா என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாக ஆகிக்கொண்டுதான் இருக்கிறது என்றான். குளிக்கும்போது உடம்பைக் கவனித்துக் குளிக்கிறாயா என்று கேட்டார். தம்பி டீ கிளாஸை வாயருகே நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, நான் நாறறேன்னு யாராவது சொன்னாங்களா?"

"சேச்சே, அதில்லடா."

"பின்ன?"

பின்னே ஒன்றுமில்லை. கண்டக்டர் விசிலடித்தான், தம்பி வண்டியில் ஏறிவிட்டான். பஸ் கிளப்பிய புழுதியில் மாஸ்டர் கிளாஸோடு நின்றார். ஆயிரம் பேர் இடுப்பை அளந்த கைக்கு வாய் ஒத்துழைக்கவில்லை. தன்மேல் வந்த எரிச்சலில் கடைக்குத் திரும்பிப் போய் ஒரு சட்டைக் காலரைத் தலைகீழாக வெட்டினார். ரேடியோ அதைப் பார்த்தார். அதிசயமாக ஒன்றும் பேசவில்லை.

தம்பி அன்று சாயங்காலம் வரவில்லை, மறுநாள் காலை டியூட்டிக்கு முன்னால் வந்தான். பேண்ட் பிரிக்கப்படாமல் அப்படியே மேசைமேல் கிடந்தது.

"இன்னும் தைக்கலையா? நான் இன்னைக்கு என்னத்தைப் போட்டுக்கிட்டு ஓட்டறது?"

"உள்ள வா," என்று மாஸ்டர் மூலையில் இருந்த டிரையல் ரூமுக்குள் போனார். ரூம் என்பது மரியாதைக்கு. ஒரு கண்ணாடி, ஒரு ஆணி, முன்னால் ஒரு பூப்போட்ட திரை. இரண்டு பேர் நின்றால் மூச்சு இடிக்கும். திரையை இழுத்துவிட்டு வெளியே குரல் கொடுத்தார். "ரேடியோ, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பத்தானே குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க."

ரேடியோவின் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

"அவுருடா," என்றார் மாஸ்டர்.

"என்னத்தை?"

"பேண்ட்டை. நான் பாக்கணும்."

"உனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருக்கா? எனக்கு முப்பத்தி நாலு வயசாகுது. எம்பொண்ணு பள்ளிக்கூடம் போறா!"

"சரி, அவுக்க வேணாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு. இடப்பக்க விதை பெருசாயிருக்கா? கல்லு மாதிரி ஏதாவது தட்டுப்படுதா?"

தம்பியின் முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"இருக்கு. அதுக்கென்ன இப்போ? வலியா ஒண்ணா? நாலு மாசமா இருக்கு. சீட்டுலயே உக்காந்து உக்காந்து வந்த காய்ப்பு. உன் கட்டை விரல்ல கத்தரிக்கோல் காய்ப்பு இல்லையா, அது மாதிரி. எங்க டிப்போவுல பாதிப் பேருக்கு எங்கயாவது ஒரு காய்ப்பு இருக்கும்."

"காய்ப்பு தோல்லதாண்டா வரும். உள்ள வராது."

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்சே?"

"வலிக்காத கட்டிதான் மோசம். அது புத்துநோயா இருக்கலாம். நம்ம ரெண்டு பேருக்கும் அது வர வாய்ப்பு கொஞ்சம் கூட. எங்கிட்ட டாக்டரே சொன்னாங்க."

"உங்கிட்ட எதுக்குச் சொன்னாங்க?"

மாஸ்டர் மூன்று வருடமாகப் பயந்த கேள்வி இதுதான். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. திரும்பி நின்றுகொண்டார்.

"குறை எங்கிட்டடா. உங்கண்ணிகிட்ட இல்ல. அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒரு குத்தமும் இல்ல. எனக்கு ஆம்பளை இழையில ஒரு துண்டு விடுபட்டிருக்கு. அப்பாகிட்டேருந்து வந்திருக்கும். உனக்கும் அதே விடுபட்டிருக்கலாம். உனக்கு அதிர்ஷ்டம், பொண்ணு பொறந்துட்டா. எனக்கு இல்ல. ஆனா கட்டி வர்ற விஷயத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ஹாரன் சத்தமில்லாமல் நின்றான். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷமா அம்மா அண்ணியைப் பேசறப்பெல்லாம் நீ எங்க இருந்தே?"

"வீட்லதான் இருந்தேன்."

"வீட்லதான் இருந்தே!" அவன் குரல் ஏறியது. "நானே ஒரு நாள் அண்ணிகிட்ட, நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க அண்ணின்னு புத்தி சொன்னேன். சரி தம்பின்னாங்க. பெரிய மனுஷன் மாதிரி நான் சொன்னதுக்கு, சரி தம்பின்னு சொன்னாங்கண்ணே!"

"கத்தாதடா. ரோட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும். எங்கிட்ட சொல்லியிருந்தா நான் நாலு மாசத்துக்கு முன்னாலயே பாத்திருப்பேன்ல?"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் கையைப் பிடித்தார்.

"தப்புதாண்டா. எல்லாம் தப்புதான். இப்பவே போலாம் வா. ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

அவன் கையை உருவிக்கொண்டான்.

"வர்றேன். ஆனா முதல்ல நீ அம்மாகிட்ட சொல்லு. எம்முன்னால, அண்ணி முன்னால சொல்லு. அதுக்கப்புறம் வர்றேன். இல்லாட்டி என் கட்டி என்னோட, உன் பொய் உன்னோட."

"டேய், இது உயிர் சமாச்சாரம்டா."

"தெரியுதில்ல? அப்ப சீக்கிரம் சொல்லு."

திரை விலகியது. வாசலில் ரேடியோ டீ குடிக்கப் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். இருவரையும் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "நான் கடையைப் பாத்துக்கறேன், நீங்க போங்க," என்றார். அன்றைக்கு அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஜன்னலுக்குக் கீழே சட்டைக் குவியலோடு இருந்தாள். இந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வந்ததைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம். டீ போடட்டுமா என்றாள். தம்பி கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு அண்ணனையே பார்த்தான்.

மாஸ்டர் உட்கார்ந்தார். எழுந்தார். பானையில் மொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். மறுபடி ஒரு தம்ளர். மூன்றாவதுக்குக் கையை நீட்டியபோது தம்பி, "பானை காலியாகிடும்ணே," என்றான்.

"அம்மா, குறை எங்கிட்டதாம்மா."

"உனக்கென்னடா குறை? கடை இருக்கு, கைநிறைய வேலை இருக்கு. யாரு கண்ணுபட்டுச்சோ, அது ஒண்ணுதான்..."

"அந்த ஒண்ணைத்தான் சொல்றேன். எனக்குப் பிள்ளை இல்லாததுக்குக் காரணம் இவ இல்ல, நான். டாக்டர் சொல்லி மூணு வருஷமாச்சு. ரிப்போர்ட்டு கடையில இருக்கு."

மனைவியின் ஊசி பாதித் துணியில் நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "பொண்டாட்டியைக் காப்பாத்தப் பொய் சொல்றியாடா?"

"அண்ணன் பொய் சொன்னது இத்தனை நாளும்மா," என்றான் தம்பி. "இன்னைக்குத்தான் நிஜம் சொல்றாரு."

"யாரோ ஒரு டாக்டர் ரிப்போர்ட்டு எழுதிட்டா ஆச்சா? என் வயித்துல பொறந்ததுலயா குறை?"

"உன் வயித்துல இல்லம்மா," என்றார் மாஸ்டர். "அப்பா வழியில வந்தது. ஆம்பளைகிட்டேருந்து ஆம்பளைக்கு ஒரு இழை வரும். அதுல ஒரு துண்டு இல்லாமலே எங்களுக்கு வந்திருக்கு."

அம்மா பெருமூச்சு விட்டாள். "அதானே பார்த்தேன். அந்த மனுஷன் எதைத்தான் முழுசாக் கொடுத்தாரு?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மூடிய கைக்குள் அது சிரிப்பாக இல்லை. அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து அம்மா பயந்துபோய் எழுந்தாள். மடியிலிருந்த பீன்ஸ் தரையெல்லாம் சிதறியது. மாஸ்டர் மீதியையும் சொன்னார். கட்டி இருக்கிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், சீக்கிரம் பார்த்தால் குணப்படுத்திவிடலாம். எங்கே கட்டி, எங்கே கட்டி என்று அம்மா சின்னவனின் கையையும் கழுத்தையும் தடவித் தேடினாள். அவள் கை தேடிய இடத்தில் எல்லாம் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

புறப்படும்போது அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்காமல் சட்டைக் குவியலைப் பார்த்துக் கேட்டாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வேண்டியவர் சொல்லட்டும்னு இருந்தேன் அத்தை," என்றாள் அவள். சொல்லிவிட்டு, கொழுந்தனுக்கு ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் பையில் வைத்துக் கொடுத்தாள். "தைரியமா போங்க தம்பி." தம்பி பையை வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பச்சை நாற்காலிகளில் அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எதிரே போகிற வருகிறவர்களின் பேண்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், எவன் எவனுக்குக் கவட்டில் இழுக்கிறது என்று. கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். கட்டிதான், கெட்ட கட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அந்த ஒன்றை எடுத்துவிட வேண்டும், மற்றது நன்றாக இருக்கிறது, அது ஒன்றே போதும் என்றார். வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை.

"நல்லவேளை வந்துட்டீங்க. வலி இல்லைன்னு வராமலேயே இருந்துடறாங்க. எப்படிக் கவனிச்சீங்க?"

"நான் கவனிக்கல சார். எங்கண்ணன் பேண்ட்டுல கவனிச்சார்."

டாக்டருக்கு விளங்கவில்லை. மாஸ்டருக்கு விளக்கத் தெம்பில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே அதே பேண்ட் அதே மேசைக்கு வந்தது, அரை இஞ்சு பிரித்துக் கட்டிக்கு இடம் பண்ணிக் கொடுத்து அனுப்பியவனும் இதே அண்ணன்தான் என்று சொல்ல நா எழவில்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. எடுத்ததைச் சோதித்து முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் மாஸ்டர் வெட்டிய துணியைவிட வீணாக்கிய துணிதான் அதிகம். ரேடியோ இரண்டு மிஷின் வேலையை ஒருவராகப் பார்த்தார். மழை ஒரு வழியாகக் கொட்டித் தீர்த்தது, பள்ளிக்கூடம் திறந்தது, கடையில் இருந்த மலைகள் இரண்டும் கரைந்து போயின. புற்றுதான், ஆனால் அந்த இடத்தைத் தாண்டவில்லை, கண்காணிப்பில் இருந்தால் போதும், மாதா மாதம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மாவின் பருப்பில் உப்பு இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

அம்மாவின் வாய் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது. மருமகளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. ஆனால் முட்டை பொரித்தால் முதல் முட்டை மருமகள் தட்டில் விழுகிறது. மருமகள் அதைச் சாப்பிடவும் செய்கிறாள், நன்றி என்று முகத்தில் காட்டுவதும் இல்லை.

முடிவு வந்த அன்று சாயங்காலம் மாஸ்டர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. அம்மா சின்னவனைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, ஏதோ ஒரு ஆபீஸ்காரரின் கோட்டுக்குப் பட்டன் மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்றார்.

"ம். தம்பி பிழைச்சுக்கிட்டார். அது போதும்."

"சொல்லிட்டதும் மனசுல பாரம் இறங்கிட்டுது. இவ்வளவு சுலபம்னு தெரியாமப் போச்சு."

அவள் ஊசியைக் குத்தி இழுத்தாள். மறுபடி குத்தி இழுத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"தம்பிக்குக் கட்டின்னு தெரிஞ்சதும் ரெண்டே நாள்ல சொல்லிட்டீங்க. நல்லதுதான், சொல்லித்தான் ஆகணும், நாந்தான் சொல்லச் சொன்னேன். அது வேற." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலில் கோபம் இல்லை. விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். "எனக்கும் ஒரு கட்டி வந்திருந்தா, முதல் வருஷமே சொல்லியிருப்பீங்களோ?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். இல்லை என்றாலும் பொய், ஆமாம் என்றாலும் கேவலம். அவள் அவருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கோட்டைத் திருப்பி அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள். "வெளிச்சத்தை மறைக்கறீங்க."

மாஸ்டர் தள்ளி உட்கார்ந்தார்.